குண்டான் மணலில் வெந்த பாஸ்தா

கூடத்திலிருந்து பாட்டில் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது.

சமையலறையில் சீஸ் துருவிக்கொண்டிருந்த தங்கம்மாளின் கை அப்படியே நின்றது. மூடி விடுபட்ட சத்தத்தைத் தொடர்ந்து, தண்ணீர் தொண்டையில் இறங்கும் மெல்லிய சத்தமும் வந்தது. வந்தவளுக்கு முன்னால், ஸ்டூல் மேல், காலையில் சாம்பலும் எலுமிச்சம்பழத் தோலும் போட்டுத் தேய்த்த சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் அவள் உள்ளே வந்திருந்தாள். அந்தச் சொம்பைத் தொடாமல், வந்தவள் தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்திருக்கிறாள்.

"சர்க்கரைக்காரங்க வெந்நீர்தான் குடிப்பாங்க. அதான் கையோட கொண்டு வந்திருக்காங்க" என்று தங்கம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னது போதவில்லை போலிருந்தது. இன்னொரு முறை சொல்லிக்கொண்டாள்.

அறிவுமதி வாசற்படியில் வந்து நின்றாள். நீலப் புடவை. தலையில் மல்லிகைச் சரம். முப்பதை எட்டப்போகிற பெண்ணுக்குப் பரீட்சை எழுதப் போகும் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம்.

"ம்மா, எவ்வளவு நேரமாகும்னு கேக்கறாங்க."

"இப்ப சூடு ஏறிடும்னு சொல்லு. நீ இங்க வராத. அவங்க பக்கத்துல உக்காரு."

"உக்காரச் சொல்லல அவங்க."

"நம்ம வீட்டுல உன்னை யாருடி உக்காரச் சொல்லணும்? போ."

வந்திருந்தவள் வாலாம்பாள். தஞ்சாவூர் மேலவீதிக்காரி. அறிவுமதி வேலை பார்க்கிற வங்கியில் அவளோடு ஒரே கிளையில் இருந்த வசிஷ்டின் அம்மா. அறிவுமதிக்கும் வசிஷ்டுக்கும் மூன்று வருஷப் பழக்கம். 'அம்மா சம்மதிச்சா உடனே கல்யாணம்' என்று வசிஷ்ட் சொல்லியிருந்தான். அந்த அம்மா, போன வாரம் அறிவுமதியின் போனில் தானே கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வரேன். அந்த சீஸ் பாஸ்தா இருக்கே, வசிஷ்ட் சொல்லுவானே, அதை அன்னிக்குப் பண்ணச் சொல்லு. பண்றச்சே நான் பக்கத்துல நின்னு பார்க்கணும்" என்றாள்.

போனை வைத்ததும் தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தவர் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் என்று வசிஷ்டே பலமுறை சொன்ன பெண்மணி, வீடு தேடி வந்து, சமையல் செய்யச் சொல்லிக் கேட்கிறாள். இதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? தங்கம்மாள் அன்றே சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினாள். வசிஷ்ட் அந்த வாரம் ஒருமுறைகூடப் போன் செய்யவில்லை என்பது இருவருக்கும் தெரியும். மாற்றலாகிப் போன புதிது, சென்னையில் வேலை நெருக்கடி என்று அறிவுமதி சொன்னாள். தங்கம்மாள் நம்பினாள். நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

தங்கம்மாள் வேதாரண்யத்துக்காரி. உப்பளத்தில் வரப்பு மிதித்து வளர்ந்தவள். உள்ளங்காலில் உப்பு அரித்த தழும்பு இன்னும் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. நன்னிலம் பக்கத்தில் இராஜாங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, கடல் காற்று இல்லாத ஊரில் மூச்சே முட்டுகிறது என்று அழுதாள். அப்புறம் பழகிவிட்டது. நாற்றுப் பறித்தாள், நடவு நட்டாள், களையெடுத்தாள். இராஜாங்கம் ஒரு தாளடி அறுப்பின்போது களத்து மேட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழவே இல்லை. அன்றைக்கு அறிவுமதிக்குப் பத்து வயது. புருஷனைத் தூக்கிப்போன மறுவாரம் சேற்றில் இறங்கிய தங்கம்மாள், மகள் வங்கி வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கிய பிறகுதான் கரையேறினாள். தஞ்சாவூர்க் கரந்தையில் கொல்லையும் கிணறும் உள்ள இந்த வாடகை வீட்டுக்கு வந்தார்கள்.

அடங்கிப் போகிற குணம் அவளுக்கு எப்போதும் கிடையாது. பெண் அதிகாரி ஆனதும் வாய் இன்னும் கொஞ்சம் நீண்டது. அவளுடைய அண்ணன், தன் மகன் பரிதிக்கு அறிவுமதியைக் கேட்டுப் பழத்தட்டோடு வந்தார். பரிதி நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன். சொந்த மெஷின். தங்கமான பிள்ளை. தங்கம்மாள் தட்டைத் தொடவில்லை. "டீசல் நாத்தம் புடிச்ச கையிலயா எம் பொண்ணப் புடிச்சுக் குடுக்கச் சொல்ற?" என்று கேட்டாள். வாசலில் நின்றிருந்த பரிதி அதைக் கேட்டான். தன் கையைப் பார்த்தான். போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டான். அப்போது தங்கம்மாளுக்கு வசிஷ்டின் பெயர் தெரிந்திருந்தது. அந்தப் பெயர் கொடுத்த திமிர். பரிதிக்குக் கோடியக்கரையில் பெண் அமைந்து, கல்யாணப் பத்திரிகை போன மாதம் வந்தது. சொந்த அத்தைக்குப் பத்திரிகை தபாலில் வந்தது.

பாஸ்தா அவள் வீட்டுக்குள் வந்ததும் மகளால்தான். அறிவுமதி கல்லூரி விடுதியில் சாப்பிட்டுப் பழகி, "ம்மா, இதைப் பண்ணிக் குடு" என்று ஒரு பாக்கெட்டை நீட்டினாள். தங்கம்மாளுக்கு அரிசியைத் தவிர வேறு தெரியாது. பாஸ்தாவை அரிசி மாதிரியே ஊறவைத்துக் களைந்து, குக்கரில் போட்டு, விசில் வரவர விட்டாள். திறந்தால் களி. "இத கூரையில ஓட்டை அடைக்கத்தான் வைக்கணும்" என்று தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் செல்போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஓவன் வாங்கித் தருகிறேன் என்று மகள் சொன்னபோது வேண்டாமென்றாள். பழைய அலுமினியக் குண்டானில் வெண்ணாற்று மணலைக் கழுவிக் காயவைத்துக் கொட்டி, கடலை வறுக்கிறவர்கள் காய்ச்சுவதுபோலக் காய்ச்சினாள். அதன்மேல் கேக் டின்னை வைத்து மூடி, மூடியின் மேல் கொட்டாங்கச்சித் தணலைப் பரப்பினாள். கீழே மணல் சூடு, மேலே தணல் சூடு. சீஸ் பொன்னிறமாகப் பொரிந்து, ஓரம் மொறுமொறுவென்று வந்தது. கடையில் விற்பதுகூட இப்படி இருக்காது என்று அவளே சொல்லிக்கொள்வாள். அதில் பொய்யும் இல்லை.

ஆனாலும் அவள் நாக்குக்கு அது சப்பென்று இருந்தது. பாலும் மைதாவும் வெண்ணெயும் சீஸும் சேர்ந்தால் நோயாளிச் சாப்பாடு மாதிரி இருக்கிறது என்றாள். ஒருநாள், பிறந்த ஊரிலிருந்து வந்த சென்னாக்குனியை எடுத்தாள். நகக்கண் அளவுகூட இல்லாத பொடி இறாலைத் தலையும் வாலுமாகக் காயவைத்த கருவாடு அது. வெறும் சட்டியில் வறுத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்துப் பொடித்து, தக்காளி விழுதில் ஒரு கரண்டி கலந்தாள். அன்றைக்கு மகள் டின்னைச் சுரண்டித் தின்றாள்.

மறுநாள் மீதியை வங்கிக்கு எடுத்துப் போனபோதுதான் வசிஷ்ட் கேட்டான். "இதுல கருவாட்டுப் பொடி இருக்கு, நீங்க சாப்பிட மாட்டீங்க" என்று அறிவுமதி முதலிலேயே சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் டப்பாவைப் பார்த்தான். பிறகு கதவுப் பக்கம் பார்த்தான். பிறகு சாப்பிட்டான். "எங்க அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்றான். அதிலிருந்து புதன்கிழமைகளில் அறிவுமதி பெரிய டப்பா எடுத்துப் போனாள். கருவாடு தின்னத் தைரியம் வந்தவனுக்கு மற்றதற்கும் தைரியம் வரும் என்று தாய்க்கும் மகளுக்கும் தோன்றிவிட்டது. பாவம், இரண்டையும் ஒன்றாகக் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

இன்றைக்குப் பொடி சேர்க்கவில்லை. வீட்டுக்கு வருகிறவளின் ஆசாரத்தைக் கெடுக்கிற புத்தி தங்கம்மாளுக்குக் கிடையாது. பொடி பாட்டிலைப் புளிப்பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். புது டின், புதுக் கரண்டி வாங்கி வைத்திருந்தாள். மணலைக்கூட மாற்றியிருந்தாள்.

காலடிச் சத்தமில்லாமல் வாலாம்பாள் சமையலறை நிலையருகே வந்து நின்றாள். அறுபது வயது. வைரத்தோடு. நிலைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, செல்போனை நீட்டிப் பிடித்தாள்.

"நீங்க பாட்டுக்குப் பண்ணுங்கோ. நான் வீடியோ எடுத்துக்கறேன்."

தங்கம்மாளுக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. "என் கையவா படம் எடுக்கறீங்க? முந்தியே சொல்லியிருந்தா வெளக்கெண்ணெ போட்டு ஊறவச்சிருப்பேனே."

"கொஞ்சம் நகருங்கோ. வளையல் மறைக்கறது. பாஸ்தா வேகறச்சே உப்பு எவ்வளவு?"

"கடல் தண்ணி மாதிரி கரிக்கணுங்க. உப்பளத்துல பொறந்தவ பாருங்க, எனக்கு அளவு நாக்குல நிக்கும்."

"உப்பளமா? எந்த ஊர் உங்களுக்கு?"

"பொறந்தது வேதாரண்யம். வாழ்க்கைப்பட்டது நன்னிலம் பக்கங்க." ஊர்ப் பெயரையும் சொன்னாள்.

வாலாம்பாளின் முகம் போனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. "அடடே. அங்க எங்க மாமனாருக்கு நிலம் இருந்ததே. அந்த ஊர்ல எந்தத் தெரு?"

தங்கம்மாள் வெண்ணெயில் மைதாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிளறுவதை நிறுத்தினால் கட்டி தட்டும். நிறுத்தாமல் சொன்னாள். "தெருவுல இல்லீங்க. வடிகால் வாய்க்காலுக்கு அந்தாண்ட காலனி."

"ஓ" என்றாள் வாலாம்பாள். தெரியாமல் கேட்ட கேள்வி இல்லை அது. வசிஷ்ட் எல்லாவற்றையும் ஏற்கனவே சொல்லியிருந்தான். தங்கம்மாளின் வாயால் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். "பாலை ஒரேயடியா விடணுமா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

"கொஞ்சம் கொஞ்சமாங்க."

வாலாம்பாள் ஒன்றையும் விடவில்லை. தக்காளியை எவ்வளவு நேரம் வதக்க வேண்டும், பூண்டை நசுக்குவதா நறுக்குவதா, மணலுக்குப் பதில் உப்பைக் கொட்டலாமா, தணல் இல்லாமல் ஓவனில் வைத்தால் எத்தனை சூடு என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தங்கம்மாள் ஒவ்வொன்றுக்கும் வாய் நிறையப் பதில் சொன்னாள். கொல்லையிலிருந்து தணலை வாரிக்கொண்டு வந்து மூடிமேல் பரப்பியபோது, வாலாம்பாள் "நன்னாயிருக்கே இந்த யுக்தி" என்று சொன்னாள். தங்கம்மாளுக்குக் கண் கலங்கியது. புகை என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பார், சம்பந்தி என் சமையலைப் படம் பிடிக்கிறாள் என்று, செத்துப்போன புருஷனிடம் மனசுக்குள் பேசினாள்.

மகளின் வாழ்க்கையே அந்தக் குண்டானுக்குள் வெந்துகொண்டிருப்பதாக அவள் நினைத்தாள். அது ஏற்கனவே வெந்து, இறக்கி, இன்னொருத்தி இலையில் பரிமாறப்பட்டுவிட்டது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

சீஸ் பொரிந்த டின்னை அறிவுமதி கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள். பீங்கான் தட்டில் ஒரு துண்டு வெட்டி வைத்தாள். சீஸ் நூல் நூலாக இழுபட்டது. வாலாம்பாள் தன் பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய சின்ன ஸ்பூனை எடுத்தாள். டின்னின் நடுவிலிருந்து, தட்டில் படாமல், ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்தாள்.

நம் வீட்டுப் பண்டம் அவள் வாய்க்குள் போய்விட்டது. போதும், ஜெயித்துவிட்டோம் என்று தங்கம்மாள் மகளைப் பார்த்தாள். மகளும் அதையே நினைத்த மாதிரி, மெல்லச் சிரித்தாள். அன்றைக்கு அந்தப் பெண் சிரித்த ஒரே சிரிப்பு அது.

வாலாம்பாள் மென்றாள். புருவத்தைச் சுருக்கினாள். "இது இல்லையே."

"என்னங்க?"

"நன்னாத்தான் இருக்கு. ஆனா வசிஷ்ட் சொல்றது இது இல்லை. ஒரு வாசனை வரும், காரமா, தொண்டைல நிக்கும்ங்கறான். இதுல ஒண்ணுமே நிக்கலையே."

அறிவுமதியின் சிரிப்பு மறைந்தது. "இன்னிக்கு உங்களுக்காகக் காரம் குறைச்சுப் போட்டோம், ஆன்ட்டி."

"எனக்காக எதுக்கு? நான் திங்கவா வந்தேன்?" வாலாம்பாள் ஸ்பூனைக் கைக்குட்டையில் சுற்றி ஸ்டூல் மேல் வைத்தாள். "இதோ பாருங்கோ, ஒளிச்சுப் பேசிப் பிரயோஜனமில்லை. வசிஷ்டுக்கு நிச்சயம் பண்ணியாச்சு. பொண்ணு பேர் ஸ்ரீரஞ்சனி. எங்க தூரத்து உறவு. சென்னைல வேலை. அவனும் சரின்னுட்டான். ஆனா சாப்பாடே இறங்க மாட்டேங்கறது. ஆளு பாதியாப் போயிட்டான். என்ன பண்ணிப் போட்டாலும் 'எனக்கு அந்தப் பாஸ்தா வேணும்'ங்கறான். அந்தப் பொண்ணுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அதான் நானே வந்து கத்துண்டு, அவளுக்குச் சொல்லித் தரலாம்னு."



தங்கம்மாளுக்கு முதலில் புரியவில்லை. யாருக்கோ நிச்சயம், யாருக்கோ பாஸ்தா என்று காதில் விழுந்தது. பிறகு, காலுக்குக் கீழே வரப்பு உடைந்து தண்ணீர் இறங்குவதுபோல, மெதுவாக விளங்கியது. "அப்ப எம் பொண்ணுங்க?" என்றாள்.

"உங்க பொண்ணு நல்ல பொண்ணு. நான் குறையே சொல்ல மாட்டேன். அதனாலதான் நேர்ல வந்து சொல்றேன். வேற யாரானா போன்லயே முடிச்சிருப்பேன்."

"மூணு வருஷம் பழகின புள்ளைங்க ரெண்டும். அவரு வாயத் தொறந்து சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க."

"அவனுக்குத் தைரியம் இல்லை" என்று வாலாம்பாள் சாதாரணமாகச் சொன்னாள். "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். கஷ்டமான விஷயமெல்லாம் அம்மாதான் சொல்லணும் அவனுக்கு."

தங்கம்மாள் தடாலென்று தரையில் உட்கார்ந்தாள். அவள் எவர் காலிலும் விழாதவள். பண்ணையில் கூலி குறைத்தபோதுகூட நிமிர்ந்து நின்று சண்டை போட்டவள். அந்தக் கை இப்போது வாலாம்பாளின் பாதத்தை நோக்கி நீண்டது. "அம்மா, அந்தக் காலமெல்லாம் போயிடுச்சுங்க. எம் பொண்ணு உங்க வூட்டுல ஒரு மூலையில இருந்துக்குவா. வேற எடத்துல நா வாக்குக் குடுக்கல. வந்தவனையும் தொரத்திட்டேன். அம்மா..."

வாலாம்பாள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வேகமாகக்கூட இல்லை. பாய் ஈரமாக இருந்தால் இழுத்துக்கொள்வதுபோல இழுத்துக்கொண்டாள்.

"எந்திரி ம்மா" என்றாள் அறிவுமதி. "எந்திரின்னு சொல்றேன்."

"இப்படியெல்லாம் பண்ணாதீங்கோ. எனக்கு ரத்த அழுத்தம் இருக்கு" என்றாள் வாலாம்பாள். "நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. இதுல என்ன சேர்க்கலை? அதைச் சொல்லிட்டா நான் கிளம்பிடறேன். கல்யாணம் நடக்கலைன்னு ஒரு சமையல் குறிப்பைக்கூடவா ஒளிச்சு வச்சுப்பா? உங்களவா எல்லாம் இப்படித்தான் இருப்பேள்னு எங்காத்துக்காரர் சொன்னார். நான்தான் இல்லைன்னு வாதாடிண்டு வந்தேன்."

அறிவுமதி உள்ளே போனாள். புளிப்பானை நகரும் சத்தம் கேட்டது. பாட்டிலோடு வந்தாள். மூடியைத் திறந்து, வாலாம்பாளின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இதுதான்."

கருவாட்டு வாசனை குபீரென்று எழுந்து கூடத்தை நிறைத்தது. வாலாம்பாள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

"என்ன இது?"

"சென்னாக்குனி. கடல் இறால் கருவாடு. உங்க பையன் மூணு வருஷமா புதன்கிழமை புதன்கிழமை இதைத்தான் சாப்பிட்டார். முதல் நாளே சொன்னேன். தெரிஞ்சேதான் சாப்பிட்டார். உங்களுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னார். இன்னிக்கு நீங்க சாப்பிடுவீங்கன்னுதான் எங்கம்மா இதைச் சேர்க்கல. டின்னு கூடப் புதுசு வாங்கினாங்க. நீங்க வாயில வச்சது சுத்த சைவம். பயப்படாதீங்க."

தரையிலிருந்து தங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கொடூரமாகச் சந்தோஷப்பட்டது. அழட்டும். தலையில் அடித்துக்கொள்ளட்டும். கிணற்றடிக்கு ஓடி வாய் கொப்பளிக்கட்டும். பெற்ற பிள்ளை கருவாடு தின்றவன் என்று தெரிந்து, இந்த வைரத்தோட்டுக்காரி என் வீட்டுக் கூடத்திலேயே உடையட்டும். அதையாவது பார்த்துவிட்டுச் சாகிறேன் என்று கண்கொட்டாமல் காத்திருந்தாள்.

வாலாம்பாளின் உதடு வெளுத்துப் போயிருந்தது. கண்ணில் தண்ணீர்கூடத் திரண்டது. ஒரு கணம் அவளும் ஒரு தாயாகத்தான் நின்றாள். பிள்ளையைத் தெரியாமல் போய்விட்ட தாய். பிறகு அவள் வாசல் பக்கம் பார்த்தாள். யாருமில்லை. அன்று வசிஷ்ட் வங்கியில் டப்பாவைப் பார்த்துவிட்டுக் கதவைப் பார்த்தானே, அதே பார்வை. தங்கம்மாளுக்கு அது தெரியாது. அறிவுமதிக்குத் தெரியும். அவள் முகம் அப்போதுதான் இருண்டது.

வாலாம்பாள் தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தாள்.

"எவ்வளவு போடணும்?" என்றாள்.

வாலாம்பாள் தரையிலிருந்த தங்கம்மாள் பக்கம் திரும்பினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். இந்த டின் அளவுக்கு எத்தனை ஸ்பூன் போடணும்?" போன் வாலாம்பாளின் கையில் தயாராக இருந்தது. வந்ததிலிருந்து சொல்லிவந்த 'நகருங்கோ'வும் 'பண்ணுங்கோ'வும் எங்கேயோ கழன்று விழுந்திருந்தன. நன்னிலத்துக் களத்துமேட்டில் தங்கம்மாள் வாழ்நாளெல்லாம் கேட்ட குரல் இது. "குழந்தை சாப்பிட்டு நாலு நாளாச்சு. அவன் உடம்பு தேறணும். மருந்துன்னு நினைச்சுக்கறேன். ஸ்ரீரஞ்சனிகிட்ட மசாலாப் பொடின்னு சொல்லிக்கறேன். சொல்லு."

தங்கம்மாள் அவளைப் பார்த்தாள். கருவாடு அந்த வீட்டு அடுப்பில் ஏறலாம். அவன் தட்டுக்கு வரலாம், நாக்குக்கு வரலாம். அவள் பெற்ற பெண் மட்டும் அந்த வாசற்படி ஏறக் கூடாது. பட்டம் படித்து, அதிகாரியாகி, மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு நிற்கிற பெண், காய்ந்துபோன இந்தக் கடல் பொடிக்கும் கீழே போய்விட்டாள். உப்பளத்துக் கானலில், நடவுச் சேற்றில், புருஷனின் பாடைக்குப் பின்னால் நடந்தபோது இறங்காத வலி, இப்போது கத்தியாக இறங்கியது.

"குடுக்க மாட்டேன்" என்றாள் தங்கம்மாள்.

"குடும்மா" என்றாள் அறிவுமதி.

"நீ சும்மா இருடி."

"குடுத்துடு ம்மா. அவர் சாப்பிட்டு நாலு நாளாச்சாம்."

தங்கம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் உலர்ந்திருந்த கண் இப்போது நிறைந்து, வழியாமல் நின்றது. பாவிப் பெண், இன்னுமா அவன் பசியை நினைக்கிறாள் என்று தாய் வயிறு எரிந்தது. அதற்கு மேல் வாதாட அவளுக்குத் தெம்பில்லை. தரையில் கையூன்றி எழுந்தாள்.

"ஒரு கரண்டி" என்றாள், செல்போனைப் பார்க்காமல். "தக்காளி சுருண்டு எண்ணெ பிரியறப்ப போடணும். முன்னாடி போட்டா கசக்கும்."

"எண்ணெ பிரியறப்ப" என்று வாலாம்பாள் திருப்பிச் சொன்னாள். "பாட்டிலோடயே குடுத்துடு. நான் போய் எந்தக் கடைல கேட்பேன்? வாசனை வெளில வராம நன்னா கட்டு."

தங்கம்மாள் கட்டினாள். பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதன்மேல் இன்னொரு பை சுற்றி, நூலால் இறுக்கினாள். நாற்றுமுடி கட்டிப் பழகிய கை. அவிழவே அவிழாது. தன் கைப்பக்குவத்தைத் தானே பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வாலாம்பாள் அதைக் கையில் வாங்கவில்லை. பையை விரித்துப் பிடித்தாள். தங்கம்மாள் மேலிருந்து உள்ளே போட்டாள்.

கைக்குட்டையில் சுற்றிய ஸ்பூனை வாலாம்பாள் ஸ்டூல் மேலேயே விட்டுவிட்டாள். "அது இருக்கட்டும், நீங்களே வச்சுக்கோங்கோ" என்றாள். வேலை முடிந்ததும் பழைய மரியாதை திரும்ப வந்திருந்தது. வாசலில் ஆட்டோ காத்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"அறிவு, வசிஷ்ட் எப்பவாவது போன் பண்ணினா, நான் வந்தேன்னு சொல்லாதே. இந்த ருசியை ஸ்ரீரஞ்சனியே கண்டுபிடிச்சுப் பண்ணினான்னு இருக்கட்டும். புதுசா வர பொண்ணு, அவளுக்கும் ஒரு பிடிப்பு வேணுமில்லையா. நீ புரிஞ்சுப்பே."

அறிவுமதி தலையாட்டினாள்.

"நிச்சயத்துக்குக் கூப்பிடலைன்னு தப்பா எடுத்துக்காதீங்கோ" என்று தங்கம்மாளிடமும் சொன்னாள்.

ஆட்டோவில் ஏறிய வாலாம்பாள் பையைக் கீழே வைக்கவில்லை. தரையில் வைத்தால் சாய்ந்துவிடும் என்றோ என்னவோ, பக்கத்து சீட்டில் வைத்து, குழந்தையை அணைத்துக்கொள்வதுபோல ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். கரந்தைத் தெருவின் குண்டு குழியில் வண்டி குலுங்கக் குலுங்க, அந்தக் கை பையை விடவே இல்லை. தெரு முனை திரும்பும்வரை தங்கம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூடத்தில் சொம்புத் தண்ணீர் வைத்தபடி இருந்தது. டின்னில் சீஸ் ஆறி இறுகத் தொடங்கியிருந்தது.

"உள்ள வா ம்மா" என்றாள் அறிவுமதி. தாயின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.